பிரென்னா, எம்ஜி 42-ஆ? சுடும் வேகம் மட்டும் பதில் சொல்லாது

இரண்டாம் உலகப் போர் துப்பாக்கிகளைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே ஜெர்மனியின் எம்ஜி 42 இயந்திரத் துப்பாக்கிதான் முதலில் வந்து நிற்கும். நிமிடத்துக்கு 1,200 தோட்டா. பிரிட்டிஷ் படையின் இயந்திரத் துப்பாக்கியான பிரென் 500-ஐ ஒட்டித்தான் சுடும். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ஜெர்மன் துப்பாக்கிதான் உசத்தி என்று தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

1,200 என்றால் நொடிக்கு 20. விசையை விடாமல் அழுத்தினால் 50 தோட்டா கோத்த பட்டை, அதாவது பெல்ட், இரண்டரை நொடியில் காலி. 250 தோட்டாவைக் கோத்து வைத்தாலும் பன்னிரண்டு நொடி சொச்சம்தான். பிரென்னின் தோட்டா அடுக்கும் பெட்டியான மேகசினும் அப்படிச் சுட்டால் நான்கு நொடியைத் தாண்டாது. ஆகவே யாரும் அப்படிச் சுடுவதில்லை. ஒரு தடவைக்குச் சில தோட்டாக்களாக, விட்டுவிட்டுத்தான் சுடுவார்கள். அப்போது கேட்கவேண்டிய கேள்வி வேறு: அந்தத் தோட்டாக்களை யார் சுமப்பது?

இங்கேதான் இரண்டு ராணுவங்களும் பிரிகின்றன. ஜெர்மன் காலாட்படைக் குழுவில் இயந்திரத் துப்பாக்கிதான் நடுநாயகம். ரைஃபிள்காரர்கள் அதற்குக் காவல் நின்றார்கள், அதற்கான பெல்ட்டைச் சுமந்தார்கள். செக்‌ஷன் எனப்படும் பிரிட்டிஷ் காலாட்படைக் குழுவில் தலைகீழ். ரைஃபிள்காரர்கள் முன்னேறுவார்கள், ஒரு பக்கமாகப் படுத்த பிரென் குழு எதிரியைத் தலைதூக்கவிடாமல் சுடும். பிரென் மேகசின்களைச் செக்‌ஷனில் எல்லாரும் பங்குபோட்டுச் சுமந்தார்கள். 1937-ஆம் ஆண்டு மாதிரி இடுப்புவாரின் பைகளே பிரென் மேகசின் நுழையும் அளவுக்குத்தான் தைக்கப்பட்டன. ஒரு துப்பாக்கிக்காக ஒவ்வொரு சிப்பாயின் சட்டைக்கு மேலும் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் பாருங்கள்!

பிரென் பிறப்பில் பிரிட்டிஷ் இல்லை. செக்கோஸ்லோவாக்கியாவின் புர்னோ நகரில் வாட்ஸ்லாவ் ஹோலெக் வடிவமைத்த இசட்பி 26-தான் மூலம். ஆங்கிலத்தில் புர்னோவின் முதல் இரண்டு எழுத்தும், பிரிட்டனின் ஆயுதத் தொழிற்சாலை இருந்த என்ஃபீல்டின் முதல் இரண்டு எழுத்தும் சேர்ந்ததே 'பிரென்'. 1939-இல் செக் நாட்டை விழுங்கிய ஜெர்மனியும் அந்த இசட்பி 26-ஐத் தன் படைக்கு எடுத்துக்கொண்டது. எதிரெதிர் அணிகளில் ஒரு தாய்ப் பிள்ளைகள்.

பிரென்னின் வளைந்த மேகசினுக்கும் காரணம் உண்டு. பிரிட்டனின் .303 தோட்டாவுக்கு அடியில் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும், அதனால் அடுக்கினால் வளைந்துதான் அமையும். அடுக்கும்போது மேலே வைக்கும் தோட்டாவின் விளிம்பு, கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் விழவேண்டும். ஒன்று பின்னால் விழுந்தாலும் சண்டை நடுவில் சிக்கிக்கொள்ளும். 30 தோட்டா பிடிக்கும் மேகசினில் 28-ஓடு நிறுத்திக்கொள்வதும் வழக்கம். மேகசின் தலைக்கு மேல் நிற்பதால் குறிபார்க்கும் முள் இடப்பக்கம் தள்ளியிருக்கும். பார்க்கக் கோணலாகத் தெரிந்தாலும், தரையோடு படுத்துக்கிடப்பவனுக்கு இது பெரிய வசதி. மேகசின் மண்ணில் இடிக்காது. பக்கத்தில் படுத்திருக்கும் துணையாள் கையை நீட்டினாலே மாற்றிவிடலாம்.

சுடச்சுடச் சூடேறும் குழலை மாற்றுவதில் இரண்டுமே கெட்டி. பிரென்னில் பூட்டைத் திருப்பி, சுமக்கும் கைப்பிடியைப் பிடித்தே சூடான குழலை உருவிவிடலாம். எம்ஜி 42-இல் வலப்பக்கத் தாழ்ப்பாளைத் தள்ளினால் குழலின் பின்முனை வெளியே வந்துவிடும். கல்நார்ப் பட்டையால் பிடித்து இழுத்துப் போட்டு, புதியதைச் செருகி மூடினால் சில நொடிகளில் வேலை முடிந்தது. ஆனால் எம்ஜி 42-இல் அதை அடிக்கடி செய்யவேண்டும். வேகத்துக்குக் கொடுக்கும் விலை அது: குழல், பெல்ட், சுமக்க ஆள்.

உற்பத்தியில் மட்டும் ஜெர்மன் துப்பாக்கிக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். அதற்கு முந்தைய எம்ஜி 34, கடைசல் வேலை மிகுந்த நுட்பமான இயந்திரம். அதனாலேயே செய்ய நாளாகும், செலவும் அதிகம். எம்ஜி 42-ஐ உருவாக்கிய குரோஸ்ஃபுஸ் நிறுவனமோ தகட்டில் விளக்குகள் செய்துவந்தது. அங்கிருந்த பொறியாளர் வெர்னர் குரூனருக்குத் துப்பாக்கித் தொழில் புதிது. ஆனால் தகட்டை அச்சில் அழுத்தி உருக்கொடுக்கத் தெரியும். ராணுவத்தின் இயந்திரத் துப்பாக்கிப் பயிற்சியில் போய் உட்கார்ந்து, சுடுபவனுக்கு என்ன தேவை என்று கற்றுக்கொண்டு வந்தார். பிறந்தது, 4 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட ஒரு துப்பாக்கி. அனுபவம் இல்லாததே அவருக்கு உதவியது என்பது என் எண்ணம். பழைய வழி தெரிந்திருந்தால் அதிலேயே போயிருப்பார்.

எதை எடுப்பேன்? பதுங்குகுழியில் முக்காலியும் பெட்டி பெட்டியாகப் பெல்ட்டும் இருந்தால் எம்ஜி 42. முக்காலியில் ஏற்றினால் அது கனரகத் துப்பாக்கியின் வேலையையும் பார்க்கும். பிரென்னால் அந்த அளவுக்கு ஈடுகொடுக்க முடியாது. பர்மாக் காடு போன்ற இடத்தில், தோட்டாவை முதுகில் சுமந்து சேற்றில் நடக்கவேண்டும் என்றால் யோசிக்காமல் பிரென்தான். தொங்கும் பெல்ட் சேற்றை வாரிக்கொள்ளும். மூடிய மேகசினுக்கு அந்தத் தொல்லை குறைவு.

போர் முடிந்தும் இரண்டும் ஓயவில்லை. 7.62 மி.மீ. தோட்டாவுக்கு மாற்றப்பட்ட பிரென், 1982 ஃபாக்லாந்து போரிலும் பிரிட்டிஷ் வீரர்களிடம் இருந்தது. இந்தியாவில் இஷாப்பூர் தொழிற்சாலை பிரென்னைச் செய்தது, 7.62 வடிவிலும் அது இந்திய ராணுவத்தில் பல்லாண்டு உழைத்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், வாஹ் நகரின் தொழிற்சாலையில், எம்ஜி 42-இன் வாரிசான எம்ஜி 3-ஐப் பாகிஸ்தான் செய்துகொண்டிருந்தது.