மீனாளை மீனாட்சி ஆக்க மறுத்த சிம்மக்கல் மொழிபெயர்ப்புக் கடை

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன், பாதிப் பேர் அதற்குத்தான் வந்திருப்பீர்கள். ஒரு பக்கம் மொழிபெயர்க்க 400 ரூபாய். அவசரக் கட்டணம் என்று ஒன்று கிடையாது, ஏனென்றால் கடைக்காரர் அவசரமாகச் செய்து தரவே மாட்டார். என்னுடைய ஒரே ஒரு பக்கத்துக்கு நான்கு நாள் ஆனது.

நான் இருப்பது மெல்பர்னில். பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) வாங்கி மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது, இப்போது ஆஸ்திரேலியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன், பையனும் என்னோடு சேர்ந்து. மூன்று வார லீவில் மதுரை வந்தபோது, விண்ணப்பத்தோடு ஆன்லைனில் ஏற்ற என் பிறப்புச் சான்றிதழை மட்டும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தேன். மேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் 1986இல் பிறந்தவள், சான்றிதழ் முழுக்கத் தமிழில் கையால் எழுதியது. அந்தக் காலத்து வழக்கப்படி பெயர் எழுத வேண்டிய இடம் காலியாகவே கிடந்து, பாஸ்போர்ட் எடுக்கும்போதுதான் பெயர் சேர்த்து வாங்கினோம். உங்களில் பலருக்கும் இதே கதைதான் இருக்கும்.

சொந்தக்காரர் ஒருவர் சொல்லி, முதலில் ஏசி போட்ட ஒரு கன்சல்டன்சிக்குப் போனேன். பெயர் வேண்டாம். உட்கார்ந்ததும் தண்ணீர் பாட்டில், அப்புறம் காபி, அப்புறம் ஒரு பேக்கேஜ். 18,000 ரூபாய். அதில் என்னென்ன அடக்கம் என்று கேட்டேன்: என் சான்றிதழ் மொழிபெயர்ப்பு, பையன் சான்றிதழ் மொழிபெயர்ப்பு, எல்லாவற்றுக்கும் நோட்டரி முத்திரை, குற்றப் பின்னணி இல்லை என்ற போலீஸ் சான்றிதழ், அப்புறம் அடையாள உறுதிமொழிப் படிவத்தில் 'நமக்குத் தெரிந்த வக்கீல்' ஒருவரின் கையெழுத்து.

அந்தக் கடைசி ஐட்டத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. அது 1195 என்ற படிவம், அதில் கையெழுத்துப் போடுகிறவர் ஆஸ்திரேலியக் குடிமகனாக இருக்க வேண்டும், அந்த நாட்டு அரசின் பட்டியலில் உள்ள வேலைகளில் ஒன்றில் இருக்க வேண்டும், நம்மை ஒரு வருஷமாவது தெரிந்திருக்க வேண்டும், சொந்தக்காரராக இருக்கக் கூடாது. மதுரையில் ஒரு வக்கீல், என்னை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கப் போகிறவர், அதில் எப்படிக் கையெழுத்துப் போட முடியும்? கேட்டதற்கு, "எல்லாருக்கும் அப்படித்தான் மேடம் பண்றோம்" என்றார்கள். எல்லாருக்கும் என்றால் எத்தனை பேரோ, அவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

போலீஸ் சான்றிதழ் கதையும் அதேதான். இங்கே பாஸ்போர்ட் சேவா மூலம் எடுத்தால் 500 ரூபாய்தான் கட்டணம், அது போகட்டும். பி.ஆர். கிடைத்த பிறகு மொத்தம் 12 மாதமோ அதற்கு மேலோ ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருந்து, அதில் ஏதாவது ஒரு நாட்டில் 90 நாளுக்கு மேல் தங்கியிருந்தால்தான் அதைக் கேட்பார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் அப்பாவுக்கு முடியாமல் போனபோது நாலரை மாதம் இங்கே இருந்தேன், மற்றபடி வருஷத்துக்கு மூன்று வாரம்தான் வருவேன். எல்லாம் சேர்த்தாலும் 12 மாதம் வராது, எனக்கு அது தேவையே இல்லை. ஆனால் எத்தனை நாள் வெளியே இருந்தீர்கள் என்பதை மட்டும் அந்த இடத்தில் யாரும் கேட்கவில்லை. குடியுரிமை விண்ணப்பத்தின் உயிரே அந்தக் கணக்குதான். விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய நான்கு வருஷம் சட்டப்படி அங்கே வசித்திருக்க வேண்டும், அதில் கடைசி 12 மாதம் நிரந்தர வசிப்பாளராக. இடையில் வெளியே போயிருந்தால் நான்கு வருஷத்தில் மொத்தம் 12 மாதத்தைத் தாண்டக் கூடாது, கடைசி ஒரு வருஷத்தில் 90 நாளைத் தாண்டக் கூடாது. ஊரில் கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று அடிக்கடி வந்து போகிறவர்கள் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணிவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.

சரி, கடைக்கு வருகிறேன். சிம்மக்கல்லிலிருந்து யானைக்கல் போகிற வழியில் ஒரு மாடி. பலகையில் 'டைப்பிங், ஜெராக்ஸ், மொழிபெயர்ப்பு' என்று மட்டும் எழுதியிருக்கும், படி செங்குத்து, வயசானவர்களைக் கூட்டிப் போகாதீர்கள். உள்ளே இரண்டு மேசை. ஒன்றில் கம்ப்யூட்டர், இன்னொன்றில் துணி போட்டு மூடிய பழைய டைப்ரைட்டர். முன்னாள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாஸ்டர், அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் எம்.ஏ. கடைப் பெயரை நான் போடாததற்குக் காரணம் அவரேதான். போடட்டுமா என்று கேட்டேன், கூட்டம் வந்தால் படித்துப் பார்க்க நேரம் இருக்காதும்மா, வேண்டாம் என்றுவிட்டார்.

இரண்டு சான்றிதழையும் நீட்டினேன். பையனுடையதைப் பார்த்த உடனே திருப்பிக் கொடுத்தார். "இது ரெண்டு பாஷையிலயும்தானே இருக்கு, இதுக்கு எதுக்குக் காசு?" மாநகராட்சி இப்போது கொடுக்கும் சான்றிதழ் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்தே வருகிறது. கன்சல்டன்சிக்காரர்கள் அதையும் மொழிபெயர்த்துத் தருவதாகத்தான் பேக்கேஜில் சேர்த்திருந்தார்கள்.

என்னுடையதை மூன்று தடவை படித்தார். அப்புறம், "பாஸ்போர்ட் எங்கம்மா?"

பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்க்க பாஸ்போர்ட் எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை. அப்பா பெயர் பழனிச்சாமி என்று வைத்துக்கொள்ளுங்கள் (உண்மைப் பெயர் அதுவல்ல). எங்கள் காகிதங்களில் தமிழில் அதை ஒரே மாதிரிதான் எழுதியிருக்கிறது. ஆங்கிலத்தில் என் பள்ளிச் சான்றிதழில் 'ச்சா'வுக்கு சி-எச் போட்டிருக்கிறது, பாஸ்போர்ட்டில் வெறும் எஸ். 'ழ'வுக்கோ ஆளாளுக்கு ஒன்று, எல் போடுகிறவர் உண்டு, இஸட்-எச் போடுகிறவர் உண்டு. நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் என்று எதுவும் கிடையாது, ஆனால் பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதச் சொன்னதால் அப்பா பெயர்தான் அங்கே எனக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. மொழிபெயர்க்கிறவர் தன் இஷ்டத்துக்கு ஓர் எழுத்தை மாற்றிப் போட்டால், காகிதத்தில் நான் வேறு யாரோ ஒருவரின் மகளாகிவிடுவேன். "தமிழ்ல இருக்கறத இங்கிலீஷ்ல எப்படி வேணாலும் எழுதலாம், அதனாலதான் பாஸ்போர்ட்டப் பாத்து எழுதணும்" என்றார்.

அதோடு நிற்கவில்லை. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிவிட்டு, "அம்மா பேரு மீனாட்சியா, மீனாளா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில், ஊரில் எல்லோருக்கும் அம்மா மீனாள்தான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் மீனாட்சி என்று எழுதிவிட்டார், அதன்பின் எல்லாக் காகிதத்திலும் அதுதான், என் பிறப்புச் சான்றிதழைத் தவிர. தாத்தா போய்ப் பதிந்தபோது வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறார். அது என்ன சார், மதுரையில் மீனாள் என்றாலும் மீனாட்சி என்றாலும் ஒன்றுதானே, அப்படியே மீனாட்சி என்று போட்டுவிடுங்கள் என்றேன்.

முடியாது என்றார். கோபமாக இல்லை, டைப்பிங் கிளாஸில் தப்பு விட்ட பெண்ணிடம் சொல்வது மாதிரி. "எழுத்த எப்படி எழுதறதுன்னுதான் நான் பாஸ்போர்ட்டப் பாக்கறேன். பேரையே மாத்தறது வேற. மீனாள்னு இருந்தா மீனாள்னுதாம்மா வரும்." சான்றிதழில் திருத்தம் வாங்கலாம், அதற்கு நாளாகும், என் லீவு முடிந்துவிடும், ஆகவே இருவரும் ஒருவரே என்று அம்மா ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கினால் அதையும் சேர்த்து ஏற்றலாம் என்று வழி சொன்னார். அந்தப் பத்திரத்துக்கு மட்டும்தான் நோட்டரி. மொழிபெயர்ப்புக்கு நோட்டரி முத்திரை வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவுக்குள் செய்தால் நாட்டி (மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்று தரும் ஆஸ்திரேலிய அமைப்பு) அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும், வெளிநாட்டில் செய்தால் மொழிபெயர்த்தவரின் முழுப் பெயர், முகவரி, போன் நம்பர், அந்த மொழியில் அவருக்குள்ள தகுதி, அனுபவம், இவை காகிதத்தில் இருக்க வேண்டும். இவ்வளவுதான் விதி. அந்த விவரங்களை எல்லாம் நான் கேட்காமலே அவர் கீழே அடித்திருந்தார், எம்.ஏ. உட்பட.

நான்கு நாள் என்றேன் இல்லையா, அதில் ஒரு நாள் மின்தடை, ஒரு நாள் அவருக்கு யாரோ வீட்டுக் கல்யாணம். மூன்றாம் நாள் போனபோது இன்னும் தொடவில்லை என்று கூச்சமில்லாமல் சொன்னார். எரிச்சலோடு கீழே இறங்கிப் பருத்திப்பால் குடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன். போன் செய்தால் எடுக்க மாட்டார். ரசீது கேட்டால்தான் தருவார். ஒரு வார லீவில் வருகிறவர்களுக்கு இந்தக் கடை ஒத்து வராது, வந்து இறங்கிய மறுநாளே கொடுத்துவிட வேண்டும்.

வாங்கப் போன அன்றைக்கு, "ஊர்ல நிலம் நீச்சு இருக்கா?" என்று கேட்டார். எதற்கு என்றேன். குடியுரிமை மாறினால் இந்தியக் குடியுரிமை தானாகப் போய்விடும், 1955ஆம் வருஷச் சட்டம், இரட்டைக் குடியுரிமை நமக்குக் கிடையாது. ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) வாங்கிக்கொண்டு வரலாம் போகலாம், வீடு வாங்கலாம், ஆனால் விவசாய நிலம் வாங்க முடியாது (வெளிநாட்டில் வசிக்கிற இந்தியக் குடிமக்களுக்கும் இந்தத் தடை உண்டு), ஓட்டும் கிடையாது. அப்பா வழியில் வாரிசாக வருவதற்குத் தடையில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும், பெரியாறு கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிற எங்கள் ஒன்றரை ஏக்கருக்குப் பக்கத்து வயல் விலைக்கு வந்திருக்கிறது என்று அப்பா முந்தின நாள்தான் சாப்பாட்டில் பேச்செடுத்திருந்தார். எனக்கு இப்போதே அந்தத் தடை உண்டு என்பது தெரியாமல், வாங்குவதானால் இப்போதே வாங்கு என்பதை நேராகச் சொல்லாமல், அவர் பாணியில். மாஸ்டரிடம் அதைச் சொல்லவில்லை, பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். 400 ரூபாய்க்கு அந்தக் கேள்வி கொஞ்சம் அதிகம்தான்.

உறுதிமொழிப் பத்திரத்தில் அம்மா கையெழுத்துப் போடும்போது, "நான் மீனாள்தான், எதுக்கு இன்னொருத்தியும் நானேன்னு எழுதித் தரணும்?" என்று நோட்டரியிடம் சண்டைக்குப் போனது தனிக்கதை.

நேரம் காலை பத்திலிருந்து ஒன்று, மாலை நான்கரையிலிருந்து எட்டு, ஞாயிறு லீவு. அவரிடம் இருக்கும் ஸ்கேனர் கருப்பு வெள்ளைதான், விண்ணப்பத்துக்கு அசலைக் கலரில் ஏற்ற வேண்டும், அதற்குக் கீழே இருக்கும் கடையிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.