ஸ்காலர்ஷிப்புக்கு முழு வரிவிலக்கு வாங்கித் தருகிறேன் என்று வருபவர்களிடம் ஜாக்கிரதை

அமெரிக்காவில் படிக்கும் நம் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஜனவரி பிறந்துவிட்டால் ஒரு விளம்பரம் சுற்ற ஆரம்பித்துவிடும். "இந்தியர்களுக்கு ட்ரீட்டி உண்டு, ஸ்காலர்ஷிப்பில் பிடித்த வரி மொத்தமும் திரும்ப வரும், வருவதில் 20 சதவீதம் எங்களுக்கு." ட்ரீட்டி என்பது இந்தியாவும் அமெரிக்காவும் போட்டுக்கொண்ட வரி ஒப்பந்தம். 2024-ம் ஆண்டு ரிட்டர்னை அப்படி ஒருவரிடம் கொடுத்தேன். பேச்சில் குறை சொல்ல முடியாது. தம்பி, தம்பி என்று அத்தனை பிரியமாகப் பேசினார்.

என் கணக்கு சிக்கலே இல்லாதது. டியூஷன் தள்ளுபடிக்கு வரி கிடையாது. பட்டத்துக்காகப் படிப்பவர் கட்டும் டியூஷன், கட்டாயக் கட்டணம், பாடத்துக்குத் தேவையான புத்தகம் ஆகியவற்றுக்குப் போகும் உதவித்தொகையை வரி தொடாது. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் என்று கையில் வரும் பணத்துக்குத்தான் வரி. அப்படி எனக்கு வந்தது 18,000 டாலர். எஃப்-1 என்ற மாணவர் விசாக்காரர்களுக்கான 14 சதவீதம், அதாவது 2,520 டாலரைப் பல்கலைக்கழகம் பிடித்துக்கொண்டு, அதைக் காட்டும் 1042-எஸ் படிவம் கொடுத்தது. வேறு வருமானம் எதுவும் இல்லை.

அவர் விவரங்களை வாங்கிக்கொண்டார். நிரப்பிய படிவத்தைக் காட்டவே இல்லை. "ஃபைல் ஆயிடுச்சு தம்பி" என்று ஒரு மெசேஜ், அவ்வளவுதான். சில வாரத்தில் 2,520 டாலரும் என் கணக்குக்கு வந்தது. அவருக்கு 504 டாலர் போனது. அப்புறம் அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸிடமிருந்து கடிதம் வந்தது: கேட்ட ஒப்பந்த விலக்கு செல்லாது, வரியை வட்டியோடு கட்டு.

தாக்கல் செய்த ரிட்டர்னின் பிரதியை அவரிடம் கேட்டுக் கேட்டு வாங்கினேன். வெளிநாட்டவர் ரிட்டர்ன் போடும் 1040-என்ஆர் படிவத்தோடு 'ஷெட்யூல் ஓஐ' என்று ஒரு பக்கம் வரும். அதில் 'எல்' என்ற இடத்தில் நாடு, ஒப்பந்தப் பிரிவு, விலக்குத் தொகை எழுத வேண்டும். என்னுடையதில் நாடு இந்தியா, பிரிவு 20, தொகை 18,000. ஸ்காலர்ஷிப்புக்கு விலக்கு தரும் 20-வது பிரிவு சீனாவோடு போட்ட ஒப்பந்தத்தில் இருப்பது. இந்திய ஒப்பந்தத்தில் 20-வது பிரிவு பென்ஷன், ஜீவனாம்சம் பற்றியது. படிக்க வந்தவனைப் பென்ஷன்தாரர் ஆக்கிவிட்டார் மனுஷன். யாரோ ஒரு சீன மாணவரின் படிவத்தைப் பார்த்து நாட்டின் பெயரை மட்டும் மாற்றியிருப்பார் என்று நினைக்கிறேன்.

மாணவர்களுக்கான இந்தியப் பிரிவு 21. அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து படிப்புக்கும் செலவுக்கும் வரும் பணத்துக்கு அதில் விலக்கு உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகம் தரும் உதவித்தொகைக்கு இல்லை. ஆனால் அதே பிரிவின் இரண்டாம் பத்தியால் நமக்கு வேறொன்று கிடைக்கிறது: அமெரிக்கவாசிகளைப் போல, வருமானத்தில் ஒரு நிலையான தொகையைக் கழித்துக்கொள்ளும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுக்கலாம். 1040-என்ஆர் போடும் மற்ற நாட்டவருக்குப் பொதுவாக இது கிடையாது. 2024-க்கு இது 14,600 டாலர், 2025-க்கு 15,750.

இப்போது என் கணக்கைப் பாருங்கள். 18,000-இல் 14,600 போனால் 3,400. அதற்கு 10 சதவீதம், சுமார் 340 டாலர் வரி. நேர் வழியில் போயிருந்தாலே 2,180 டாலர் சட்டப்படி திரும்ப வந்திருக்கும். இவர் கூடுதலாக வாங்கித் தந்தது 340, எடுத்துக்கொண்டது 504. அந்த 340-ஐயும் இப்போது வட்டியோடு கட்டியாயிற்று. வரும் தொகையில் சதவீதம் கேட்பவருக்கு அந்தத் தொகையை ஊதிக் காட்டுவதில்தான் லாபம். ஐஆர்எஸ்ஸே இப்படிப்பட்டவர்களைத் தவிர்க்கச் சொல்கிறது.

பிரதியின் இன்னொரு இடத்தையும் சொல்ல வேண்டும். காசு வாங்கிக்கொண்டு ரிட்டர்ன் தயாரிப்பவர் பிடின் என்ற தன் எண்ணைப் போட்டுக் கையெழுத்திட வேண்டும் என்பது சட்டம். என்னுடையதில் அந்தக் கட்டம் காலி. நானே தயாரித்தது போல அனுப்பியிருக்கிறார். போன் செய்து கேட்டேன்.

"அது ஃபார்மாலிட்டி தம்பி, எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க."

"அப்ப ஐஆர்எஸ் கேட்டா யார் பதில் சொல்றது?"

"ரிட்டர்ன் உங்க பேர்லதானே இருக்கு."

அதோடு அந்த எண் என் அழைப்பை எடுப்பதில்லை.

என் அறைத்தோழனும் அவரிடம்தான் கொடுத்திருந்தான். அவன் கதை இன்னும் மோசம். 1040-என்ஆருக்குப் பதிலாக அமெரிக்கவாசிகள் போடும் 1040-ஐப் போட்டு, 'அமெரிக்கன் ஆப்பர்சூனிட்டி' கல்விச் சலுகையையும் எடுத்துவிட்டார். வரியே இல்லாவிட்டாலும் அதில் 1,000 டாலர் வரை கையில் வரும் என்பதால் ஏமாற்றுக்காரர்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும். எஃப்-1 மாணவர்கள் பொதுவாக முதல் 5 காலண்டர் ஆண்டுகளுக்கு வரிக் கணக்கில் வெளிநாட்டவர்தான். அந்தச் சலுகை அவர்களுக்குக் கிடையாது. அவன் இப்போது திருத்தப் படிவமான 1040-எக்ஸ் போட்டு, சரியான 1040-என்ஆரை இணைத்து, வந்த பணத்தைத் திருப்பிக் கட்டிக்கொண்டிருக்கிறான்.

பல பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர் அலுவலகமே வரி மென்பொருளை இலவசமாகப் பயன்படுத்த ஒரு குறியீட்டு எண் (code) தருகிறது. சில வளாகங்களில் வீட்டா என்ற இலவச உதவி முகாமும் நடக்கும். வெளிநாட்டு மாணவர் ரிட்டர்ன் பார்ப்பார்களா என்று கேட்டுவிட்டுப் போங்கள், எல்லா முகாமிலும் பார்ப்பதில்லை. வெளியாளிடம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், அனுப்புவதற்கு முன் மொத்தப் படிவமும் கையில் வரட்டும். தலைப்பில் 1040-என்ஆர் என்று இருக்கிறதா, ஒப்பந்தப் பிரிவு 21-தானா, தயாரித்தவர் கட்டத்தில் எண்ணும் கையெழுத்தும் இருக்கின்றனவா, வங்கிக் கணக்கு எண் உங்களுடையதா என்று பாருங்கள். மாநில வரி தனி. கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் இந்த ஒப்பந்தங்களை ஏற்பதில்லை.

ஏற்கெனவே மாட்டியவர்கள் 14157 படிவத்தில் புகார் கொடுக்கலாம். உங்கள் சம்மதம் இல்லாமல் ரிட்டர்னை மாற்றியிருந்தால் 14157-ஏ-வும் சேர வேண்டும். நானும் அவனும் அனுப்பிவிட்டோம். அந்த 504 டாலர் மட்டும் இன்னும் வரவில்லை.