மேடு இல்லாத ஊரில் எடை குறைப்பது: டிரெட்மில்லா, பிராகாரமா, ஆற்றங்கரையா?

தஞ்சாவூரில் நடந்தே எடை குறைக்க நினைப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு: டிரெட்மில், பெரிய கோயில் பிராகாரம், புதாறு என்னும் கல்லணைக் கால்வாயின் கரை. மூன்றிலும் நடந்திருக்கிறேன், மூன்றிலும் கொஞ்சம் ஏமாந்தும் இருக்கிறேன்.

முதலில் கணக்கு. 70 கிலோ எடையுள்ளவர் சமதளத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் 45 நிமிடம் நடந்தால் சுமார் 180 கலோரி செலவாகும். அந்த நேரம் முழுவதும் நாற்காலியில் சாய்ந்து கிடந்தாலே 50 போயிருக்கும். ஆக, நடையால் கிடைத்த லாபம் ஏறக்குறைய 125. ஒரு கிலோ உடற்கொழுப்புக்கு 7,700 கலோரி என்று பொதுவாக வைத்துக்கொள்கிறார்கள். சாப்பாடு மாறாமல் தினமும் நடந்தால் ஒரு கிலோ குறைய இரண்டு மாதம் ஆகும். நடந்து முடித்த கையோடு ஒரு வடையும் சர்க்கரை தூக்கலாக ஒரு காபியும் சாப்பிட்டால் அன்றைய வரவு அங்கேயே தீர்ந்துவிடும்.

இந்தக் கணக்கு டிரெட்மில் பட்டைக்கும் கருங்கல் தளத்துக்கும் ஒன்றுதான். வெளியே நடந்தால்தான் உடம்பு கரையும் என்பவர்கள் எதிர்க்காற்றைக் காரணம் சொல்வார்கள். ஓடுகிறவருக்கு அது பொருந்தும். நடக்கிறவருக்கு அந்தக் காற்று சட்டையைக் காயவைக்கத்தான் உதவும்.

வித்தியாசம் இருப்பது மேட்டில். அதே வேகத்தில் டிரெட்மில்லின் சரிவை 5 சதவீதம் உயர்த்தினால் நடையால் கிடைக்கும் லாபம் 240 கலோரியை நெருங்குகிறது. இரண்டு மாதம் ஒரு மாதமாகச் சுருங்குகிறது. நம் ஊரில் இப்படி ஒரு மேட்டை வெளியே தேடிப் பாருங்கள். வண்டல் படிந்து உருவான பூமி இது. வாய்க்காலில் தண்ணீர் ஓடப் போதுமான சாய்வுதான் இருக்கிறது. சுவாமிமலைக்குப் போனால் அதுவும் கட்டுமலை. தமிழ் ஆண்டுகளின் பெயரில் 60 படிகள். பிரபவவில் தொடங்கி, மூச்சு வாங்குவதற்குள் அட்சய வந்துவிடுகிறது. டெல்டாக்காரருக்கு டிரெட்மில் தரும் உருப்படியான சரக்கு இந்த மேடு ஒன்றுதான். 1818-ல் இங்கிலாந்தில் வில்லியம் கியூபிட் வடிவமைத்த இதன் மூதாதையும் கைதிகளை முடிவில்லாத படிக்கட்டில் ஏறவைத்த சக்கரம்தான்.

ஆனால் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு ஏறினால் சுமையில் ஒரு பங்கைக் கைகள் வாங்கிக்கொள்கின்றன. திரை மட்டும் வெட்கமில்லாமல் பழைய கலோரியையே காட்டும். பிடிக்காமல் நடக்க முடியவில்லையென்றால் சரிவைக் குறையுங்கள். மூட்டுவலிக்காரர்களும் இதய நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் சரிவில் கை வைக்க வேண்டாம். மருத்துவமனையில் இதயத்தைச் சோதிக்கும் டி.எம்.டி. என்ற டிரெட்மில் சோதனை வழக்கமாக 10 சதவீதச் சரிவில்தான் தொடங்குகிறது, அதுவும் ஆமை வேகத்தில். சரிவு எவ்வளவு வேலை வாங்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

டிரெட்மில் வாங்குவதில் நான் ஏமாந்த கதை தனி. 2.5 குதிரைத்திறன் என்றார் விற்றவர். அது மோட்டார் ஒரு கணம் தொட்டுவிட்டு வரும் உச்சம், தொடர்ந்து தரும் திறன் அல்ல என்பது மூன்றாம் மாதம் அது சூடேறி நின்றபோதுதான் புரிந்தது. தொடர் திறன் எவ்வளவு, சரிவு மோட்டாரில் உயருமா, கையால் மாற்ற வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள். பட்டைக்கு அவ்வப்போது சிலிக்கோன் எண்ணெயும் விட வேண்டும்.

பிராகாரத்தில் மின்தடை இல்லை, மோட்டாரும் இல்லை. சுற்று மதிலுக்குள் ஏறக்குறைய 240 மீட்டர் நீளம், 120 மீட்டர் அகலம். ஏழு சுற்று சுற்றினால் ஐந்து கிலோமீட்டரை நெருங்கலாம். இரண்டு நாள் போகாவிட்டால், "என்ன சார், ஆளையே காணோம்?" என்று கேட்க நாலு பேர் இருக்கிறார்கள். எந்தத் திரையும் இப்படிக் கேட்காது. குறை, வேகம். கூட்டத்தின் பின்னால் நடந்தால் அது பிரதட்சணம், பயிற்சி ஆகாது. பிரதோஷத்தன்று முயற்சியே வேண்டாம். வெயில் ஏறினால் கல் சுடும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் வெறுங்காலோடு நடப்பது ஆபத்து.

ஆற்றங்கரையைப் பற்றி நடுநிலையாக எழுத எனக்கு வராது. 1934-ல் வந்த கல்லணைக் கால்வாயை இன்னும் புதாறு என்றே அழைக்கிறோம். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து சேரும் ஆனி மாதக் காலையில் அந்தக் கரையில் நடப்பவர் நேரம் பார்ப்பதில்லை. 45 நிமிடம் தானாக ஒரு மணி நேரமாகிவிடும். ஐப்பசி பிறந்தால் கதை மாறுகிறது. களிமண் செருப்பைப் பிடித்துக்கொள்ளும், அந்தியில் விரியன் பயம், நாய்கள் வேறு.

அதனால் ஐப்பசி, கார்த்திகைக்கு மட்டும் உடற்பயிற்சிக் கூடத்தில் மாதக் கட்டணம் கட்டிச் சரிவில் நடப்பது, மற்ற மாதங்களில் கரை, கோயில் என்பது என் ஏற்பாடு. சொந்தமாக வாங்குவது என் போன்றவர்களுக்கு வீண். ஈரத்துணி காயப்போட அவ்வளவு விலையில் கொடி தேவையில்லை.

அண்ணிக்கு வீண் இல்லை. படுக்கையில் இருக்கும் மாமியாரை விட்டுவிட்டு அவரால் வெளியே போக முடியாது. என் இயந்திரம் இப்போது அவர் வீட்டில்தான் இருக்கிறது. விடியற்காலை அரை மணி நேரம், சரிவைக் கையால் உயர்த்திவைத்து நடக்கிறார். அந்த நேரத்துக்கு மோட்டாரும் தாங்குகிறது. போன கார்த்திகையில் கூடத்துக்குப் போகவே முடியாத அடைமழை. அண்ணி வீட்டில் போய் நின்றேன். தன் முறை முடியும்வரை உட்காரச் சொன்னார். காபியும் வந்தது, சர்க்கரை இல்லாமல்.