விண்டோஸின் ‘பாதுகாப்பாக அகற்று’ வசதி: வேலை சரி, விளக்கம் போதாது

பணிப்பட்டையின் வலது ஓரத்தில் ஒதுங்கியிருக்கும் ‘ஹார்டுவேரைப் பாதுகாப்பாக அகற்று’ என்ற வசதியை, வெளிப்புற ஹார்ட் டிஸ்க் பயன்படுத்துவோரில் பலர் வெறும் சம்பிரதாயமாகவே எண்ணுகிறார்கள். அந்த எண்ணம் ஆபத்தானது. ஒரு கோப்பு நகலெடுக்கப்பட்டுவிட்டதாகத் திரை காட்டிய பிறகும், அதன் ஒரு பகுதி எழுதப்படுவதற்காக நினைவகத்திலேயே காத்திருக்கக்கூடும். அந்த மிச்சத்தை எழுதி முடித்து, எந்த நிரலும் டிஸ்க்கைத் தொடாத நிலையில் அதை விடுவிப்பதே இந்த வசதியின் பணி. அந்தப் பணியை இது நம்பகமாகவே செய்கிறது.

விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு முதல் ‘விரைவாக அகற்றல்’ என்பதே இயல்பு அமைப்பாகிவிட்டதால், இனி இந்த வசதி தேவையில்லை என்று சிலர் சொல்வதுண்டு. எழுதப்பட வேண்டிய தரவை விண்டோஸ் தேக்கி வைப்பதைத்தான் அந்த அமைப்பு தவிர்க்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போதே கேபிளைப் பிடுங்கினால் அதனாலும் காப்பாற்ற முடியாது. குறிப்பாக, விண்டோஸ், மேக் இரண்டிலும் பயன்படுத்துவதற்காகப் பலர் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்ஃபேட் கோப்பு முறைமையில், மாற்றங்களை முன்கூட்டியே பதிந்துவைக்கும் ஜர்னல் கிடையாது. விண்டோஸின் வழக்கமான கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ்ஸில் அது உண்டு என்றாலும், அது காப்பது கோப்பு முறைமையின் கட்டமைப்பைத்தான், பாதியில் நின்றுபோன உங்கள் கோப்பின் உள்ளடக்கத்தை அன்று.

சுழலும் தட்டுகள் கொண்ட டிஸ்க்குகளுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மின்சாரம் திடீரென அறுந்தால், தட்டுகளின் மிச்சச் சுழற்சியிலிருந்து கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு வாசிப்புத் தலை அவசரமாக ஒதுங்குகிறது. வழக்கமான ஒதுங்கலைவிட இது கடுமையானது. ஆகவே கழற்றிய பிறகும், சுழற்சி முற்றிலும் நிற்கும்வரை சில நொடிகள் டிஸ்க்கை அசைக்காமல் வைத்திருப்பது நல்லது.

என் முதன்மையான குறை, அகற்ற முடியாதபோது வரும் செய்தியைப் பற்றியது. ‘இந்தச் சாதனம் பயன்பாட்டில் உள்ளது’ என்று அறிவிக்கும் விண்டோஸ், எந்த நிரல் அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. இத்தனைக்கும் அந்த விவரம் பல நேரங்களில் அதனிடமே இருக்கிறது: கணினியில் நடப்பவற்றின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, ‘சிஸ்டம்’ பதிவேட்டில் கெர்னல்-பிஎன்பி என்ற மூலத்தின் 225 எண்ணுள்ள நிகழ்வைப் பார்த்தால், தடுத்த நிரலின் பெயரும் அதன் செயல்முறை எண்ணும் அங்கே கிடைக்கும். சாதாரணப் பயனர் அவ்வளவு தூரம் தேடிப் போவார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. லினக்ஸின் க்னோம் மேசைத்தளம், டிஸ்க்கைப் பிடித்திருக்கும் நிரல்களை அதே பெட்டியில் பட்டியலிட்டுவிடுகிறது. எழுத வேண்டியது மிச்சமிருந்தால், கழற்ற வேண்டாம் என்று எச்சரிக்கவும் செய்கிறது. விண்டோஸ் கற்றுக்கொள்ள வேண்டிய பண்பு இது.

தடுப்பது பெரும்பாலும் வைரஸ் எதிர்ப்பு நிரலாகவோ, தேடல் அட்டவணைப்படுத்தியாகவோ, அந்த டிஸ்க்கின் கோப்புறையில் நிற்கும் கமாண்ட் பிராம்ப்ட் சாளரமாகவோ இருக்கும். எதை மூடியும் பயனில்லை என்றால், டிஸ்க்குகளை நிர்வகிக்கும் விண்டோஸ் கருவியான டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டிஸ்க்கை ‘ஆஃப்லைன்’ ஆக்கிக் கழற்றலாம். ஆனால் மறுமுறை இணைக்கும்போது அங்கேயே ‘ஆன்லைன்’ ஆக்க வேண்டியிருக்கலாம். கணினியையே அணைத்துவிட்டுக் கழற்றுவதானால், ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ‘ஷட் டவுன்’ கொடுங்கள். அடுத்த முறை விரைவாகத் தொடங்குவதற்காக விண்டோஸின் நிலையைச் சேமித்து வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கும் கணினியில் வழக்கமான அணைப்பு முழுமையான அணைப்பு அன்று.