கிட்ட வந்தால் மட்டும் தெரிகிற வெனிலா: நான்கில் எது?

‘வெனிலா’வை ‘வெண்ணிலா’ என்று எழுதுகிறவர்களை நான் திருத்துவதில்லை. பல வெனிலா பெர்ஃப்யூம்களுக்கு அந்தப் பெயர்தான் சரி. பளிச்சென்று இருக்கும், சூடு இருக்காது. எனக்கு வேண்டியது வேறு. பக்கத்தில் உட்கார்ந்தவருக்குத் தெரிய வேண்டும், அறையின் அந்தக் கோடியில் இருப்பவருக்குத் தெரியக் கூடாது. இனிப்பு தூக்கலாக இல்லாமல் கதகதப்பாக இருக்க வேண்டும், இப்போதுதான் கழற்றிப் போட்ட ஸ்வெட்டரின் உட்பக்கம் மாதிரி.

இந்த இரண்டு நிபந்தனையோடு நான்கு பிரெஞ்சு பெர்ஃப்யூம்களை எடுத்துக்கொண்டேன்: கெர்லானின் ‘ஷாலிமார்’, அதே கெர்லானின் ‘ஸ்பிரிதுயூஸ் தூப்ள் வனீய்’, செர்ஜ் லுத்தானின் ‘அன் புவா வனீய்’, திப்தீக்கின் ‘ஓ துயெல்’. எல்லாமே சின்ன ஸாம்பிள் குப்பிகள். ஒரு நாளைக்கு இரண்டு, மணிக்கட்டுக்கு ஒன்று. டாம் ஃபோர்டின் ‘டொபாக்கோ வனீய்’கூடக் கைவசம் இருந்தது. அருமையான சரக்குதான், ஆனால் ‘சன்னம்’ என்ற சொல்லுக்கும் அதற்கும் ஏழாம் பொருத்தம். முதல் சுற்றிலேயே ஒதுக்கிவிட்டேன்.

முகர்ந்து பார்க்கும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. காகிதப் பட்டையில் அடித்து, இரண்டு முறை ஆட்டி, மூக்கருகே வைத்து ‘ஆகா’ என்று முடிவெடுத்தால் நீங்கள் வெனிலாவை முகரவே இல்லை. வெனிலாவின் வாசனைக்கு அடிப்படையான வனிலின் என்ற பொருள் சாவகாசமாகத்தான் ஆவியாகும். முதல் பத்து நிமிடம் பேசுவதெல்லாம் ஆல்கஹாலும் எலுமிச்சை வகைகளும் மிளகும்தான். அரை மணி நேரம் கழித்துத்தான் உண்மையான ஆள் உள்ளே வருவார். அதுவரை பொறுக்காமல் வாங்கிய ஒரு பாட்டில், பெயர் வேண்டாம், என் அலமாரியின் பின்வரிசையில் மூன்று வருடமாக நிற்கிறது.

ஷாலிமாரில் தொடங்குகிறேன், வயதில் மூத்தது. 1925-இல் ஜாக் கெர்லான் உருவாக்கியது. ‘செயற்கை வெனிலா என்றால் மட்டம்’ என்பவர்கள் இதைக் கட்டாயம் முகர வேண்டும். இதன் முதுகெலும்பே எத்தில் வனிலின். வெனிலா நெற்றில் இல்லாத, ஆய்வகத்தில் பிறந்த பொருள், வனிலினைவிடப் பல மடங்கு வீரியம். வனிலினையே 1874-இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் டீமானும் ஹார்மானும் ஊசியிலை மரத்திலிருந்து கிடைக்கும் கோனிஃபெரினைக் கொண்டு செய்துகாட்டிவிட்டார்கள். பெர்ஃப்யூம் உலகம் அப்போதிலிருந்தே வேதியியலோடு குடித்தனம் நடத்துகிறது.

மணிக்கட்டில் ஷாலிமார் முதலில் பெர்கமாட் என்ற எலுமிச்சை வகையின் புளிப்போடு சுரீரென்று வரும். பிறகு பதனிட்ட தோல், புகை, பிசின். அதற்குள்ளிருந்து வெனிலா எழும்பும்போது அது கேக் வாசனை அல்ல. நெடுநாள் மூடிக்கிடந்த மரப்பெட்டியைத் திறந்தது போல ஒரு மணம். கதகதப்புக்கு நூற்றுக்கு நூறு. ஆனால் அடக்கம்? மறுநாள் காலை தலையணை உறை அதற்குப் பதில் சொன்னது.

தூப்ள் வனீய் 2007-இல் வந்தது. நான்கில் உண்மையான நெற்றுக்கு மிக அருகில் இருப்பது இதுதான். கொடியில் தொங்கும் பச்சைக் காய்க்குச் சொல்லிக்கொள்ளும்படி மணமே கிடையாது. வெந்நீரில் முக்கி, போர்த்தி வியர்க்கவைத்து, வெயிலில் காயவைத்து, பெட்டியில் மாதக்கணக்கில் ஊறவிட்டால்தான், சர்க்கரையோடு பிணைந்து கிடக்கும் வனிலின் விடுபட்டு வெளியே வரும். அப்படிப் பதப்படுத்திய நெற்றில்கூட வனிலின் சுமார் இரண்டு சதவீதம்தான். மற்ற நூற்றுக்கணக்கான பொருட்கள் மிகச் சிறிய அளவில் இருந்துகொண்டு மரம், உலர்பழம், புகையிலை, லேசான புகை என்று ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். வெறும் வனிலினை மட்டும் நம்பிய மலிவு பெர்ஃப்யூம்கள் தட்டையாக இருப்பது அதனால்தான். தூப்ள் வனீயில் ரம்மும் குந்திரிக்கமும் சாம்பிராணியும் சேர்ந்து அந்த விட்டுப்போன பக்கங்களை நிரப்புகின்றன. கரும்பழுப்பு வாசனை என்று ஒன்று இருந்தால் இதுதான் அது. இரண்டு முறை அடித்தால் அறையே அதன் வசம். சட்டைக்குள்ளே நெஞ்சில் ஒரே ஒரு முறை அடித்தால், என் இரண்டு நிபந்தனைகளையும் கிட்டத்தட்டத் தொட்டுவிடுகிறது.

அன் புவா வனீய் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 2003-இல் வந்தது. தேங்காய்ப்பால், அதிமதுரம், வாதுமை என்று தொடக்கமே தித்திப்பு. இரண்டு மணி நேரம் போனால் சந்தனம் தலைதூக்கி நிலைமையைச் சமாளிக்கிறது. அந்த இரண்டு மணி நேரத்தைக் கடக்க எனக்குப் பொறுமை இல்லை. இனிப்புப் பிரியர்கள் என்னைத் திட்டிவிட்டு இதையே வாங்கலாம்.

ஓ துயெல், 2010. இதன் வெனிலா பூர்போன் வகை. ‘பர்பன்’ விஸ்கியோடு முடிச்சுப் போட வேண்டாம், இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவின் பழைய பெயர் பூர்போன். வெனிலாவுக்குப் பக்கத்தில் இளஞ்சிவப்பு மிளகும், கோரைக்கிழங்கு இனத்திலிருந்து வடிக்கும் சிப்ரியால் எண்ணெயும், குந்திரிக்கமும். மற்ற மூன்றிலும் வெனிலா மெத்தை மாதிரி என்றால், இதில் மெல்லிய பருத்தித் துணி. காற்று உள்ளே போய் வருகிறது. நான் முகர்ந்தது ஓ தெ துவாலெத் (EDT) என்ற லேசான வடிவம். பின்னால் வந்த ஓ தெ பர்ஃபான் (EDP) வடிவம் இன்னும் அடர்த்தி, எனக்கு அந்த அடர்த்தி தேவைப்படவில்லை.

ஆனால் இதில்தான் ஏமாந்தும் போனேன். இரண்டு மணி நேரத்தில் மணிக்கட்டில் ஒன்றுமே இல்லை. போச்சு, தண்ணீர் என்று நினைத்து இன்னொரு முறை அடிக்கப் போனபோது அக்கா உள்ளே வந்தாள்.

“அக்கா, இதைக் கொஞ்சம் மோந்து பாரேன். ஏதாவது இருக்கா?”

குனிந்தாள். “இருக்குடா. காஞ்ச மரம் மாதிரி… அப்புறம் லேசா இனிப்பு. கிட்ட வந்தாத்தான் தெரியுது.”

நான் தேடிய வாக்கியத்தையே அவள் சொல்லிவிட்டாள். மறைந்தது வாசனை அல்ல, என் மூக்குதான் அதற்குப் பழகி வேலையை நிறுத்தியிருந்தது. சன்னமான பெர்ஃப்யூம்களில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. நமக்குத் தெரியவில்லையே என்று மேலும் மேலும் அடித்து, எதற்காக அதை வாங்கினோமோ அந்த அடக்கத்தையே கெடுத்துவிடுவோம். பத்து நிமிடம் வெளியே நடந்துவிட்டு வந்து முகர்ந்தேன். அங்கேயேதான் இருந்தது.

ஆகவே பகலுக்கு ஓ துயெல், குளிர் இரவுக்கு ஒரே ஒரு முறை அடித்த தூப்ள் வனீய். இரண்டையும் வெள்ளைத் துணியில் மட்டும் அடிக்க மாட்டேன். வனிலின் அதிகமுள்ள திரவம் நாள்பட நாள்பட பழுப்பாகும், துணியிலும் கறை விடும். பாட்டிலுக்குள் நிறம் கறுத்தால் மட்டும் பயந்து கொட்டிவிடாதீர்கள், பெரும்பாலும் அது கெட்டுப்போனதாக அர்த்தமில்லை.

ஸாம்பிள் குப்பிகளில் முதலில் காலியானது ஓ துயெல். ஷாலிமார் பாதிதான் தீர்ந்திருந்தது, அது இப்போது அக்காவின் கைப்பையில் இருக்கிறது. அவள் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடுகிறது.