75 டாலர் கொடுத்து ரெட் டாட் மாட்டிய கதை: ஷாட்கன்னைக் கடையில் கொடுக்குமுன் படியுங்கள்

பென்சில்வேனியாவில் வசந்தகால வான்கோழி சீசனுக்கு முன்னால் ஷாட்கன்னில் ரெட் டாட் (கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டிக் குறிபார்க்க உதவும் சைட்) மாட்டக் கடைக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு இது. எனக்கு 75 டாலரும் ஒரு வான்கோழிச் சேவலும் போச்சு.

நாற்பதைத் தாண்டியதிலிருந்து குழல் நுனியில் குறிபார்க்க இருக்கும் மணி எனக்குக் கலங்கலாகத்தான் தெரிகிறது. அதனால்தான் ரெட் டாட் வாங்கினேன். என்னுடையது 12 கேஜ் பம்ப் ஷாட்கன், ரிசீவரில் (குழலுக்குப் பின்னால் உள்ள உடல் பகுதி) ஸ்க்ரூ துளைகள் ஏற்கெனவே இருந்தன. நானே மாட்டியிருக்கலாம், சோம்பல். பக்கத்து ஊர்க் கடையில் கொடுத்தேன். மறுநாள் வாங்கப் போனபோது, "லேசர் வச்சு நேர் பண்ணியாச்சு, இனிமே நேரா காட்டுக்குப் போங்க" என்றார் கடைக்காரர். நம்பினேன்.

சீசனின் முதல் சனிக்கிழமை. 30 கெஜத்தில் ஒரு சேவல் கழுத்தை நீட்டி நின்றது. புள்ளி சரியாகக் கழுத்தடியில். சுட்டேன். இடப்பக்கம் இருந்த பீச் (beech) மரக்கன்றில் காய்ந்த இலைகள் உதிர்ந்தன, சேவல் ஓடிப் பறந்துவிட்டது. போய்த் தேடினேன், ஓர் இறகுகூட இல்லை. மதியம் 12 வரை வேட்டைக்கு நேரம் இருந்தும் 9 மணிக்கே மூட்டை கட்டினேன்.

மறுநாள் சுடும் பயிற்சி ரேஞ்சில் ஒரு பெரிய காகிதத்தை ஒட்டி, மணல் பையில் துப்பாக்கியைச் சாய்த்து, 25 கெஜத்திலிருந்து சாதாரண ஈயத் தோட்டா போட்டுப் பார்த்தேன். முதல் சூடு இடப்பக்கம் 8 அங்குலம். அது மட்டும் என்றால் சரி: என் சைட்டில் ஒரு கிளிக் 1 எம்ஓஏ (கோண அளவு, ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு), அந்தத் தூரத்தில் ஏறக்குறைய கால் அங்குலம், 30 கிளிக் வலப்பக்கம் திருப்பினால் தீர்ந்தது. ஆனால் இரண்டாவது சூடு 5 அங்குலம் கீழே, மூன்றாவது வலப்பக்கம். சைட்டைப் பிடித்து ஆட்டினேன். ஆடியது!

வீட்டில் கழற்றினேன். நான்கு ஸ்க்ரூவில் ஒன்று குட்டை, இரண்டு மரைதான் பிடித்திருந்தது. இன்னொன்றின் தலை மழுங்கியிருந்தது. துளைகளுக்குள் கன் ஆயில் மினுமினுத்தது. ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் நீல லாக்டைட் பசை ஒரு சொட்டு கிடையாது. 12 கேஜ் உதைக்கு இது எத்தனை சூடு தாங்கும்?

லேசர் விஷயத்தில் அவர் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைத்தான் லேசர் காட்டும். ரவைகள் எங்கே போய் விழுகின்றன என்பது சோக்கும் (குழல் நுனியின் குறுகல்) தோட்டாவும் சேர்ந்து முடிவுசெய்வது. அதிலும் இப்போதைய டங்ஸ்டன் தோட்டா ரவைகளைச் சிதறவிடாமல் ஒரே கொத்தாகக் கொண்டுபோகும். முப்பது கெஜத்தில் குறி அரை முழம் தப்பினால் பறவை தப்பிவிடும்.

கடைக்குப் போனேன். "ஜீரோ பண்றது (சுட்டுப் பார்த்துப் புள்ளியைச் சரிசெய்வது) வாங்கினவர் வேலை" என்றார். அப்படியானால் 75 டாலர் எதற்கு? ஸ்க்ரூவைக் காட்டினேன். நான் கழற்றும்போதுதான் மழுங்கியிருக்கும் என்று பதில் வந்தது. கழற்றுமுன் படம் எடுத்து வைக்காதது என் தப்பு.

துளைகளை ஆல்கஹாலில் துடைத்து, சரியான நீள ஸ்க்ரூ வாங்கி, நீல லாக்டைட் தொட்டு, முறுக்கு விசையை அளக்கும் டார்க் (torque) ஸ்க்ரூடிரைவரில் கையேடு சொன்ன அளவுக்கு நானே முறுக்கினேன். ஒரு ராத்திரி காயவிட்டேன். ஈயத் தோட்டாவில் 25 கெஜத்தில் நேர் செய்துகொண்டு, கடைசி இரண்டு சூடு மட்டும் டங்ஸ்டனில், 40 கெஜத்தில். அது விலை ஜாஸ்தி, ஆரம்பத்திலேயே கொட்டித் தீர்க்காதீர்கள்.

ஒவ்வொரு ஸ்க்ரூத் தலைக்கும் சைட்டின் அடித்தகட்டுக்கும் குறுக்காக மனைவியின் நெயில் பாலிஷில் ஒரு கோடு இழுத்திருக்கிறேன். ஸ்க்ரூ அசைந்தால் கோடு உடையும். 20 சூடு ஆச்சு, நான்கு கோடும் நேராகவே இருக்கின்றன. 75 டாலர் இன்னும் வரவில்லை.