குளிரில் ஒழுகி, சூட்டில் நிற்கும் கூலன்ட்: பழைய கேம்பர் வேனில் சில பனிக்காலங்கள்

இரவெல்லாம் உறைபனியில் நின்ற வேனுக்கடியில் உள்ளங்கை அளவு ஈரம்: இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட். அரை மணி நேரம் ஓட்டிவிட்டுப் பார்த்தால் ஒரு சொட்டும் இல்லை. இந்த ரகக் கசிவைச் சூடான இன்ஜினில் தேடினால் கிடைக்காது. குளிரில் ரப்பர் ஹோஸ் விறைத்துச் சுருங்கும்; மேலே இருக்கும் திருகு கிளிப் அதோடு சேர்ந்து இறுகாது. சூடேறியதும் ஹோஸ் உப்பி, இடுக்கு தானாக அடைபட்டுவிடும்.

அதனால் சோதனை விடிகாலையில், இன்ஜினைத் தொடுவதற்கு முன்பே. கையால் அடிக்கும் பிரஷர் டெஸ்டரை எக்ஸ்பான்ஷன் டாங்கில் (கூலன்ட் ஊற்றும் தொட்டி) மாட்டி, மூடியில் குறித்திருக்கும் அழுத்தம் வரை மட்டும் ஏற்றவும். பல பழைய வண்டிகளில் அது 1 பார் அளவில் இருக்கும். அதைத் தாண்டினால் பழைய ரேடியேட்டரே பிளந்துவிடலாம். டெஸ்டரின் அழுத்த முள் இறங்குகிறதா என்று 15 நிமிடம் கவனிக்கவும். இத்தனை பனிக்காலங்களில் வாங்கிய கருவிகளிலேயே காசுக்கு உழைத்தது இதுதான். கூலன்டில் கலந்து புற ஊதா விளக்கில் பார்க்கும் யுவி சாயமும் உதவும், ஆனால் பழைய கசிவின் கறையும் சேர்ந்தே ஒளிரும் என்பதால் முதலில் நன்றாகக் கழுவ வேண்டும்.

அதற்கும் முன், உண்மையிலேயே கசிகிறதா என்று பாருங்கள். பின்னால் இன்ஜின், முன்னால் ரேடியேட்டர் உள்ள வேன்களில் 16 லிட்டருக்கு மேல்கூடக் கூலன்ட் பிடிக்கும். 20 டிகிரியிலிருந்து மைனஸ் 10-க்கு இறங்கினாலே சுமார் 200 மில்லி சுருங்கிவிடும். டாங்கில் ஒரு டேப் ஒட்டி, ஒரே வெப்பநிலையில் மட்டும் அளவை ஒப்பிடவும்.

முள் இறங்குகிறதா? டார்ச்சை எடுத்துக்கொண்டு ஹோஸ் முனைகளை விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரம் விரலில் வழவழவென்று ஒட்டும். காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருக்கும். வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளையிலிருந்து கோடாக வழிந்த கறை இருந்தால் உள்ளே சீல் போய்விட்டது, பம்பை மாற்றுவதே வழி. கேம்பரில் பலர் மறப்பது பின் சீட்டுக்கடியில் இருக்கும் இரண்டாவது ஹீட்டர். அதன் வால்வும் ஹோஸும் தரைவிரிப்புக்கடியில் மாதக்கணக்கில் கசிந்தாலும் தரையில் சொட்டாது. கண்ணாடியில் எண்ணெய்ப் படலம், இனிப்பான வாடை இருந்தால் ஹீட்டர் கோரை (ஹீட்டருக்குள் சூடான கூலன்ட் ஓடும் சிறு ரேடியேட்டர்) சந்தேகிக்கவும்.

வெளியே எங்கும் ஈரமில்லை, ஆனாலும் முள் இறங்குகிறது என்றால் கவலைப்பட வேண்டியதுதான். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, கூலன்ட் ஈரம் தெரிகிறதா பார்க்கவும். ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்பு) போய்விட்டதா என்று உறுதிப்படுத்த டாங்க் வாயில் வைக்கும் நீல நிறத் திரவச் சோதனை போதும். சிலிண்டரில் எரிந்த வாயு கலந்திருந்தால் மஞ்சளாக மாறும். ஃபோக்ஸ்வாகன் டி3 வேனின் வாட்டர்பாக்ஸர் (நீரால் குளிரூட்டப்படும்) இன்ஜினில் சிலிண்டர் ஹெட்டின் வெளிவிளிம்பு ரப்பர் கேஸ்கெட் கசிவது தெரிந்த சங்கதி. அங்கே அலுமினியம் அரித்துக் குழி விழுந்திருந்தால் நட்டை இறுக்கிப் பயனில்லை. ஹெட்டைக் கழற்றித்தான் ஆகவேண்டும்.

கிளிப் விஷயத்தில் எங்கள் முடிவு உறுதி: ஸ்பிரிங் கிளிப். ஹோஸ் சுருங்கினாலும் உப்பினாலும் அதே பிடியில் கூடவே போகும். திருகு கிளிப்பை ஒவ்வொரு குளிர் தொடக்கத்திலும் கால் திருப்பு இறுக்கிக்கொண்டே இருந்தால் ஒருநாள் ஹோஸ் வெட்டுப்படும். சிலிகோன் ஹோஸ் பளபளப்பாக இருக்கும், ஆனால் சாதாரணத் திருகு கிளிப்போடு போட்டால் குளிரில் ரப்பரை விட அதிகமாகக் கசியும். ஹோஸை மாற்றும்போது குழாய் முனையில் இருக்கும் துருவையும் பழைய படிவையும் நைலான் தேய்ப்பானால் சுத்தமாக எடுக்கவும். புது ஹோஸ் கசிவதற்குப் பாதிக் காரணம் அந்தச் சொரசொரப்புதான். கசிவடைக்கும் திரவங்களை ஊற்றாதீர்கள், ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்கள்தான் முதலில் அடைபடும்.

நிரப்பும்போது எத்திலீன் கிளைக்காலும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி. அது மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும். கசிந்த அளவுக்கு வெறும் தண்ணீர் ஊற்றிவந்தால் கலவை நீர்த்து, ஒரு கடுங்குளிர் இரவில் உறைந்து இன்ஜின் பிளாக்கே பிளந்துவிடலாம். ஹீட்டர் வால்வுகளைத் திறந்து காற்றை வெளியேற்றி, மறுநாள் காலையில் குளிர்ந்த நிலையிலேயே டெஸ்டரை இன்னொரு முறை மாட்டுங்கள்.